நூறிலிருந்து கழித்தவர்

தேவசிகாமணி சார் எந்தச் சினிமாவையும் ரசித்துப் பார்த்தவர் இல்லை. பார்த்ததோ இருநூற்றுக்கும் மேலே. பாளையங்கோட்டையில் இந்த விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பத்தொன்பது வருஷமாக மாதம் தவறாமல் ஒரு படம். காலை ஆட்டம், கடைசி வரிசை, ஓர இருக்கை, மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. படம் முடிந்து வெளியே வரும்போது, பல் பிடுங்கிக்கொண்டு வருகிறவர் முகம் போலத்தான் இருக்கும்.

எல்லாம் 'இல்லத் துணைவன்' பத்திரிகைக்காக. சபைக் குடும்பங்களுக்கென்று மாதாமாதம் வருகிற சின்னப் பத்திரிகை அது. பிறப்பு, இறப்பு, திருமண அறிவிப்புகள், நாலு தியானக் கட்டுரை, ஒரு வேதாகமக் குறுக்கெழுத்து, கடைசி உள்பக்கத்தில் 'பார்க்கலாமா?' என்று ஒரு பத்தி. அந்தப் பத்தி சாருடையது. நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர் வேறு எப்படி எழுதுவார்? படத்துக்கு மார்க் போட்டார். நோட்டின் உச்சியில் முதலில் படத்தின் பெயர், தேதி, அதற்குக் கீழே நூறு. பிறகு விளக்கு அணைந்ததும் கழிக்க ஆரம்பிப்பார். குடித்தால் மூன்று. இரட்டை அர்த்தப் பாட்டுக்கு நாலு. முத்தத்துக்கு ஐந்து. பெற்றோரை எதிர்த்துப் பேசினால் ஒன்றரை. முப்பத்தைந்துக்குக் கீழே போனால் படம் தோல்வி, குடும்பத்தோடு பார்க்கக் கூடாது. பத்தொன்பது வருஷத்தில் அதிகபட்ச மார்க் எண்பத்தொன்று, அது ஒரு யானைப் படம். அதிலும் பாகன் கள் குடித்துத் தொலைத்துவிட்டான்.

சிரிக்கலாம். ஆனால் அந்த மனுஷனுக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. சொந்த அத்தை பேரன் ஒரு படத்தில் கதாநாயகனுக்குத் தோழனாக நடித்தபோது, அத்தையே வீட்டுக்கு வந்து அல்வா வைத்துவிட்டுப் போன பிறகும், இருபத்திரண்டு போட்டவர். அத்தை சாகும்வரை அவரோடு பேசவில்லை. "தேவசிகாமணி சார் போட்டா போட்டதுதான் வே, மாத்த மாட்டாரு" என்று ஜனங்கள் சொல்வார்கள். வீடு வாசல் என்று பெரிதாக எதுவும் சேர்க்காத அவருக்கு அந்தப் பேர்தான் சொத்து.

அதெல்லாம் ஒரு காலம். இப்போது அறுபத்தாறு வயதாகிவிட்டது. வலது முட்டு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஜனங்களோ கையிலே ஒரு போனை வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்தபடியே எல்லாப் படத்தையும் பார்த்துவிடுகிறார்கள். பார்க்கலாமா என்று யார் யாரைக் கேட்டார்கள்? பெங்களூரில் இருக்கும் மகள் ரீபாவே, "அப்பா, நீங்க முப்பது போட்ட படம்தான் இங்க நல்லா ஓடுது" என்று போனில் சிரிக்கிறாள். அவருக்கு அலுத்துவிட்டது. அலுப்பென்றால் சாதாரண அலுப்பு இல்லை, ஆயிரம் விடைத்தாள் திருத்தி முடித்தவனுக்கு முன்னால் இன்னொரு கட்டு கொண்டுவந்து போடுகிற அலுப்பு. பத்திரிகைக்குப் புதிதாக வந்த ஆசிரியர் ஜெனோவிடம், "தம்பி, என்னய விட்டுரும்" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். "நீங்க இல்லாட்டா அந்தப் பக்கத்த யாரு சார் வாசிப்பா?" என்று அந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் தேன் தடவி அனுப்பிவிட்டான்.

உண்மையில் அந்தப் பக்கத்தை எழுத்து விடாமல் வாசித்த ஒரே ஜீவன் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அது சாரம்மாள், சாரின் மனைவி. மிஷன் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவள். சார் இருட்டில் குனியாமல் எழுதுவதால் வரிமேல் வரி ஏறி, நோட்டு கோழி கிண்டின குப்பை மாதிரி இருக்கும். அதை வாசிக்க உலகத்தில் அவள் ஒருத்தியால்தான் முடியும். சமையலறை மேசையில் உட்கார்ந்து சுத்தப் பிரதி எழுதி, கீழே கூட்டிக் கழித்து விடை சரிபார்த்து, பிற்பாடு போனில் படம் பிடித்து ஜெனோவுக்கு அனுப்புவதும் அவள்தான். எழுதினதை மாற்ற மாட்டாள், எழுதாததைச் சேர்க்க மாட்டாள்.

ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "இருநூத்திச் சொச்சம் படம் நானும் பாத்தாச்சு. எந்தப் படத்துல எவன் எங்கன குடிச்சான், எவன் எவளக் கட்டிப் பிடிச்சான்னு கேட்டா, வேதத்துல உள்ள சங்கீதம் மாதிரி ஒப்பிச்சிருவேன். கத என்னன்னுதான் ஒண்ணுக்கும் தெரியாது."

சார் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சினிமாவுக்குப் போனது கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரு சனிக்கிழமை போவதாக இருந்தது. அன்றைக்குப் பார்த்துச் சாரின் பெரியப்பா கண்ணை மூடிவிட்டார். அதற்குப் பிறகு பிள்ளை, வேலை, அதற்கும் பிறகு இந்தப் பத்தி. பத்தி வந்த பிறகு சினிமா என்பது சாருக்கு வேலை ஆகிவிட்டது. வேலைக்குப் பொண்டாட்டியை யார் கூட்டிக்கொண்டு போவார்?

இப்படி இருக்கும்போதுதான் 'பாதி சாத்திய கதவு' படமாக வந்தது.

அந்த நாவலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்து, ஊரிலுள்ள பெண்களையெல்லாம் வியாழக்கிழமைக்காகக் காத்திருக்க வைத்த கதை. எழுதினது பெண்ணென்று ஒரு கட்சி, பெண் பேரில் எழுதின ஆண் என்று இன்னொரு கட்சி. கப்பல் வேலைக்குப் போய்ப் பதினொரு வருஷம் கழித்துத் திரும்புகிற ஒருவனும், அவனுக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணும், புருஷன் பெண்டாட்டி என்று தாலி மட்டும் சொல்ல, ஒருவரையொருவர் புதிதாகத் தொட்டுப் பழகுகிற கதை. தொட்டுப் பழகுவதை அந்த எழுத்தாளர் ஒளிக்காமல் எழுதியிருந்தார். சபையில் அந்தக் காலத்தில் ஐயராக இருந்த போதகர் அதைப் பிரசங்கத்தில் கண்டித்தார். அந்த வாரமே அவர் மனைவி ஐயரம்மா புத்தகத்துக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டுச் சாரம்மாளிடம் கொடுத்து, "வாசிச்சிட்டு பைய அடுத்தாளுக்குக் குடு" என்றார். சாரம்மாள் வாசித்தாள், அடுத்தாளுக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பழுப்பு அட்டை இன்றைக்கும் தையல் மிஷின் இழுப்பறையில் இருக்கிறது. சாருக்கு அது ஏதோ தையல் அளவுப் புத்தகம்.

படத்துக்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். ஊரெல்லாம் சுவரொட்டி. ஜெனோ போன் செய்து, "இந்த மாசம் இதத்தான் சார் பாக்கணும். எல்லாரும் கேக்காங்க" என்றான். சார் ஒரு பெருமூச்சு விட்டுச் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது சாரம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"நானும் வரட்டா?"

"எங்க?"

"படத்துக்குத்தான்."

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது ஏ போட்ட படம் சாரா. பாளையங்கோட்டைல பாதிப் பேரு எங்கிட்டப் படிச்ச பிள்ளைய. சார் பொண்டாட்டியோட இந்தப் படத்துக்கு வந்திருக்காருன்னு சொல்ல மாட்டானுவளா?"

"இந்தப் படத்துக்குப் பொண்டாட்டியோட வாறதுதான ஒழுங்கு? தனியா வாறவனத்தான சந்தேகப்படணும்?"

சார் நெற்றியில் இருந்த கண்ணாடியை மேசையில் தேடினார். சாரம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சரி, விடுங்க. கதைல பத்தொம்பதாம் அத்தியாயத்துல கதவு காட்சின்னு ஒண்ணு வரும். அது படத்துல வருதான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

என்ன கதவு, என்ன காட்சி என்று அவர் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஊர்ந்தது. முட்டு விண் விண் என்று தெறித்தது. மருந்துக் கடைக்காரர் கொடுத்த வலி மாத்திரையை முழுங்கி, பாட்டில் தண்ணீரைக் குடித்தார். "தூக்கம் வரும், வீட்டுல இருக்கும்போது போடுங்க அண்ணாச்சி" என்று அவர் சொன்னது, மாத்திரை தொண்டையைத் தாண்டின பிறகுதான் ஞாபகம் வந்தது.

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் மதார். மேலப்பாளையத்துப் பையன், சாரிடம் ஏழாம் வகுப்புப் படித்தவன். பையன் என்ன, இப்போது அவனுக்கே தாடி நரைத்துவிட்டது. சாரையும் சுவரொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சார்... இந்தப் படத்துக்கா?"

"வேலை வே, வேலை."

"அது சரி சார். பைய உக்காருங்க. உள்ள ஏசி நல்லாருக்கும்."

ஏசி நல்லாத்தான் இருந்தது. சார் கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, படத்தின் பெயர் எழுதினார், தேதி எழுதினார், கீழே 100 என்று போட்டார். விளக்கு அணைந்தது. கடல் தெரிந்தது, ஒரு கப்பல் தெரிந்தது. கப்பல் இப்படியும் அப்படியும் ஆடியது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

"சார், சார். படம் முடிஞ்சிட்டு."

மதார் தோளைத் தொட்டு எழுப்பினான். விளக்கெல்லாம் எரிந்தது. கீழே ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். சார் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். படியிறங்கினார். பத்தொன்பது வருஷத்தில், எவ்வளவு மோசமான படத்திலும், அவர் ஒரு நிமிஷம் கண் அசந்தது கிடையாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. திங்கட்கிழமை மறுபடி வந்து பார்த்துவிட வேண்டியதுதான், யாருக்கும் தெரியப் போவதில்லை என்று பஸ்ஸில் மனசைத் தேற்றிக்கொண்டார்.

சாரம்மாள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் கேட்டுவிட்டாள்.

"வந்துச்சா?"

தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் அவள் முகம் அப்படி இருந்தது. பரீட்சை முடிவு ஒட்டுகிற அன்றைக்குப் பிள்ளைகள் பலகைக்கு முன்னால் நிற்குமே, அந்த முகம்.

"வந்துச்சு" என்றார்.

"நல்லா எடுத்திருக்கானா?"

"நல்லா எடுத்திருக்கான்."

சாரம்மாள் உள்ளே போய், காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதைக் குடித்தபடி, திங்கட்கிழமை போய்ப் பார்த்துவிட்டால் இந்தப் பொய்யும் பொய் இல்லை என்று ஆகிவிடும் என்று கணக்குப் போட்டார். கணக்கு வாத்தியார் போட்ட தப்புக் கணக்கு அது.

மறுநாள் விடியும்போதே ஏரலிலிருந்து போன். சாரின் ஒன்றுவிட்ட அண்ணன் காலமாகிவிட்டார். சாரம்மாளுக்குச் சளிக்காய்ச்சல், வரவில்லை என்றாள். சார் மட்டும் கிளம்பிப் போனார். அடக்க ஆராதனையில் போனை அணைத்து வைத்தவர், அதை மறுபடி போட மறந்தார். அன்றைக்கு மத்தியானம் ஜெனோ சாரம்மாளைக் கூப்பிட்டான்: இந்த மாதம் அச்சகத்தில் அவசரம், சாயங்காலத்துக்குள் பக்கம் வேண்டும். சாரம்மாள் ஏரலுக்கு நாலு தடவை போன் செய்தாள். கிடைக்கவில்லை. சரி, நோட்டு இருக்கிறதே என்று எடுத்தாள்.

பெயர் இருந்தது. தேதி இருந்தது. நூறு இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு, ஒரு கிறுக்கல் இல்லை.

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கழிப்பதற்கு ஒன்றுமே இல்லையென்றால் நோட்டு இப்படித்தானே இருக்கும்? இருநூற்றிச் சொச்சம் படத்தில் ஒன்றுக்குக்கூட இரங்காத மனுஷன் இந்த ஒரு படத்தைக் கழிக்காமல் விட்டிருக்கிறார். அந்தக் கதவு காட்சியைப் பார்த்தபிறகு அவருக்கும் கை எழவில்லை போல. அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெறும் நூறு என்று அனுப்பினால் பக்கம் பாதி காலியாக நிற்கும். அதனால் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, நோட்டில் இல்லாததைச் சாரம்மாள் எழுதினாள். காட்சிதான் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சார் வந்து சேர்ந்தார். "ஜெனோ கேட்டான். அனுப்பிட்டேன்" என்றாள்.

"எத அனுப்பின?"

"நோட்டுல இருந்தத."

நோட்டில் நூறைத் தவிர ஒன்றும் இல்லையென்று சாருக்குத் தெரியும். அந்த நிமிஷம் ஜெனோவைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் சாரம்மாள் காதில் விழும். ஏ போட்ட படத்துக்கு நூறு என்றால் அந்தப் பையனே பதறிப்போய்க் கூப்பிட மாட்டானா என்றும் நினைத்தார். பயண அலுப்பு வேறு. படுத்துவிட்டார். திங்கட்கிழமையும் முட்டு வலி, தியேட்டருக்குப் போகவில்லை. ஜெனோவும் கூப்பிடவில்லை. சார் போட்டால் போட்டதுதான் என்று அவனும் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டான்.

பத்திரிகை வந்தது. சார் கடைசி உள்பக்கத்தை நின்றபடியே வாசித்தார்.

'கப்பலில் பதினொரு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கணவன் வீடு திரும்புகிறான். அவனுக்கும் மனைவிக்கும் ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு மத்தியானம், பாதி சாத்திய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கும் அவளைப் பார்க்கிறான். கூப்பிடவில்லை, தொடவில்லை, பார்த்துக்கொண்டே நிற்கிறான். அவன் நிற்பது அவளுக்குத் தெரியும். அவள் திரும்பவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒருவன் தன் மனைவியைப் பார்க்கிறான். இதில் கழிப்பதற்கு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. மதிப்பெண் நூறு. குடும்பத்தோடு பார்க்கலாம்.'

கடைசி வாக்கியம் வழக்கமாகப் போடுவது. கை பழகிப்போய்ப் போட்டுவிட்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? இரண்டு நாள் போன் ஓயவில்லை. மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள்: இப்போதைய ஐயர், ஜெனோ, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி ஜெபகனி அம்மாள். ஐயர் இளவயசுக்காரர், சங்கடத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஜெபகனி அம்மாள் உட்காரவே இல்லை.

"குடும்பத்தோட போனேன் சார். நீங்க எழுதினத நம்பி, மவன், மருமவ, சம்பந்தியம்மா எல்லாரையும் கூட்டிட்டு, குடும்பத்தோட! பத்தாவது நிமிஷம் குனிஞ்ச மருமவ கடைசி வரைக்கும் நிமிரல. சம்பந்தியம்மா ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொல்லிட்டே இருந்தா. எந்திரிச்சுப் போவமுன்னு மவன் சொன்னான். நான்தான், இருலே, அந்தக் கதவு காட்சி வரட்டும், சார் எழுதியிருக்காருன்னு உக்கார வச்சேன். வரவே இல்ல சார். அப்படி ஒரு காட்சியே படத்துல கெடையாது."

சார் தலை குனிந்திருந்தார். ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், கேக்கேன்னு தப்பா எடுக்காதீங்க. நீங்க படத்தப் பாத்தீங்களா?" என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சாரம்மாள் காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். 

ஜெனோ கெட்டிக்காரப் பையன். அவன் முந்திக்கொண்டான். "சார் பாக்காம எழுதுவாங்களா? இது சுத்தப் பிரதில வந்த கோளாறு. அம்மாவுக்கு அன்னைக்குக் காய்ச்சல். நோட்டப் பாத்து எழுதுறப்போ ஏதோ கதப் புஸ்தகத்துல வாசிச்சதச் சேத்துட்டாங்க. அடுத்த இதழ்ல, நகல் எடுத்தவரின் தவறுன்னு ரெண்டு வரி வருத்தம் போட்டுருவோம். சார் பேருக்கு ஒரு பழுதும் வராது."

எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் பேச வேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும். பத்தொன்பது வருஷப் பேர் பத்திரமாக இருக்கும். சாரம்மாளும் மறுத்துப் பேசுகிறவள் இல்லை, ஆமாம் நான்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் அவரைக் குத்தியது. எத்தனையோ தடவை ஆலயத்தில் சேவல் கூவுமுன் பேதுரு தன் குருவைத் தெரியாதென்று மறுதலித்த பாடத்தை வாசித்திருக்கிறார். சேவல் தன் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை.

"அவ மேல ஒரு தப்பும் இல்ல" என்றார்.  "நோட்டுல நூறுன்னு மட்டுந்தான் இருந்துச்சு. அது நான் எப்பவும் மொதல்ல போடுறது. கதவு காட்சி வந்துச்சு, நல்லா எடுத்திருக்கான்னு அவகிட்டச் சொன்னது நான். அத நம்பித்தான் எழுதினா. நான் படத்தப் பாக்கல. தூங்கிட்டேன்."

ஜெனோ பக்கம் திரும்பினார்.

"அப்படியே போடும் தம்பி. பாக்காம மார்க்குப் போட்டான்னு எம் பேரப் போட்டே போடும். அதோட அந்தப் பக்கத்தையும் முடிச்சிரும்."

ஐயர் ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு எழுந்தார். காப்பியை யாரும் தொடவில்லை. வாசல்வரை போன ஜெபகனி அம்மாள் திரும்பி வந்தார். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. சாரம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் அந்தக் கதவுக்காவத்தாம்மா போனேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சாரம்மாள் ஆறிப்போன காப்பியைத் தொட்டியில் ஊற்றி, டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். சார் பின்னால் போய் நின்றார்.

"அது இல்லயாமே" என்றாள்.

"இல்லயாம்."

"தூங்கிட்டேன்னு சொல்லியிருக்கலாம்லா? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

"சொல்லத்தான் வாயத் தெறந்தேன். ஓம் மொகத்தப் பாத்தேன், சொல்ல வரல."

அவள் கழுவுவதை நிறுத்தவில்லை. "மொகத்தப் பாத்தீங்களாக்கும். முப்பத்தெட்டு வருஷத்துல அன்னைக்கு ஒருநாள்" என்றாள். குரலில் சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் அலுத்துப்போய்ச் சொன்னாள். அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சார் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "கெளம்பு சாரா" என்றார்.

"எங்க?"

"அந்தப் படத்துக்குத்தான். காட்சி இல்லாட்டா இல்லாம இருக்கட்டும். ரெண்டு பேருமா பாப்போம். பாக்கவன் பாக்கட்டும்."

சாரம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கிறிஸ்துமஸுக்கு எடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவர் நோட்டை எடுக்கவில்லை. மாத்திரையும் போடவில்லை. பஸ்ஸில் முட்டு உயிரை வாங்கியது.

தியேட்டர் வாசலில் மதார் தலையைச் சொறிந்தான். "அந்தப் படத்த நேத்தோட தூக்கிட்டாங்களே சார். கூட்டம் இல்ல. இன்னைலருந்து ஒரு பேய்ப் படம் ஓடுது."

சார் இந்த ஒன்றையாவது செய்துவிடலாம் என்று வந்தார், அதற்கும் ஒரு நாள் பிந்திவிட்டது. வாழ்க்கை முழுக்க இப்படித்தானே, ஒன்று சாவு வருகிறது, இல்லாவிட்டால் படத்தைத் தூக்கிவிடுகிறார்கள். "வா, போவோம்" என்று திரும்பினார்.

சாரம்மாள் நகரவில்லை. "பேயாவது பிசாசாவது. இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. ரெண்டு டிக்கெட் எடுங்க" என்றாள்.

கடைசி வரிசைக்குப் போகப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, நடு வரிசையில் நட்ட நடுவில் போய் உட்கார்ந்தாள். முப்பது பேர்கூட இல்லை. படம் ஆரம்பித்தது. ஒரு பாழடைந்த வீடு, அதில் ஒரு கிழட்டுப் பேய், அதற்குப் பயப்படாத ஒரு வேலைக்காரி. முதல் அரைமணி நேரத்தில் ஒருவன் குடித்தான், மூன்று என்று சாரின் விரல் தானாக மடங்கியது. அதை நிமிர்த்திக்கொண்டார். பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சாரம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். பேய் வழுக்கி விழுந்ததற்கு, வாயைப் பொத்தாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். இப்படிச் சிரிப்பாள் என்பதே அவருக்குத் தெரியாது. திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் வந்து வந்து போயிற்று. காதோரம் முழுக்க நரைத்திருந்தது, எப்போது நரைத்தது? கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை. ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறின விரலால் புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். பேய் எழுந்து வந்தபோது கண்ணை அகல விரித்தாள், வேலைக்காரி துடைப்பத்தை ஓங்கினபோது மறுபடி சிரித்தாள். சாருக்கு இவ்வளவு நாளும் பக்கத்தில் இருந்தவளைப் பார்க்காமல் எதையெதையோ பார்த்துக் கழித்துக்கொண்டிருந்தோமே என்று துக்கமாக இருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாரம்மாள் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எங்கன பாக்கீங்க? படம் அங்கன ஓடுது."